பியானோவின் நூற்றாண்டு – 11: பிழையென்று திருத்தப்பட்ட ஸ்வரம்

சென்ற இதழில் ஷோப்பானை ஸ்டுட்கார்ட் நகரத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1830-ஆம் வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி வார்ஸாவை விட்டுப் புறப்பட்ட அந்த இருபது வயது இளைஞர், அதே மாதத்தின் கடைசியில் ருஷ்ய ஆட்சியை எதிர்த்து அங்கே கலகம் மூண்டுவிட்டது என்பதை வியன்னாவில் இருந்தபடி அறிந்து, ஊருக்குத் திரும்புவதா மேற்கே போவதா என்று நிச்சயிக்க மாட்டாமல் எட்டு மாத காலம் அந்த நகரத்தில் தவித்து, கடைசியில் வார்ஸா வீழ்ந்த செய்தியை ஸ்டுட்கார்டில் கேட்டு மனம் உடைந்து, 1831 இலையுதிர் காலத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அவர் தம் நாட்டு மண்ணை மிதிக்கவேயில்லை. அந்த வியன்னா நாட்களிலேயே கருவாகி, பாரிஸில் 1835 வாக்கில் உருப்பெற்றுப் பிரசுரத்துக்குப் போனதென்று பலரும் கருதும் ஒரு கிருதியைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்: ஜி மைனரில் அமைந்த முதலாவது பாலேட், ஓபஸ் 23. 1836-இல் லைப்ஸிக், பாரிஸ், லண்டன் ஆகிய மூன்று ஊர்களிலும் அச்சாகி வெளிவந்த இதை, பாரிஸில் ஹானோவர் அரசின் தூதராக இருந்த ஸ்டாக்ஹௌசன் பிரபுவுக்கு ஷோப்பான் சமர்ப்பணம் செய்திருந்தார்.

என்னிடம் இதன் பழைய அச்சுப் பிரதி ஒன்று இருக்கிறது. பழைய புத்தகக் கடையில் வாங்கியது, அட்டை போய்விட்டது, முதல் பக்கத்தின் ஓரம் பூச்சி அரித்திருக்கிறது. அந்தப் பக்கத்தில், ஏழாவது பாரின் கீழ்க்கை ஸ்வரக்கூட்டத்தைச் சுற்றி முன்னாள் சொந்தக்காரர் யாரோ பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, அதன் உச்சியில் இருக்கும் ஸ்வரத்தை அடித்து, பக்கத்தில் வேறொரு ஸ்வரத்தை எழுதி, அதற்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியையும் இட்டிருக்கிறார். அவர் அடித்தது ஈ-பிளாட், எழுதியது டி. அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவருக்கு முன்னாலேயே பெரிய பெரிய பதிப்பாசிரியர்கள் அந்த ஈ-பிளாட்டை அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்தியே பிரசுரித்திருக்கிறார்கள். ஆயினும் இந்தக் கிருதியின் முழுக் கதையும் அந்த ஒரு ஸ்வரத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது பல வருஷங்களாக இதைக் கேட்டுவந்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம். அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

நம் வாசகர்களுக்கு விளங்கும் பாஷையில் சொல்வதானால், ஜி என்பதை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜி மைனர் என்பது ஏறக்குறைய நம் நடபைரவியின் ஸ்வரங்கள். நிஷாதம் காகலியாக ஏறும்போது கீரவாணி. டி என்பது பஞ்சமம். ஈ-பிளாட் என்பது சுத்த தைவதம். அந்த ஏழாவது பாரில் இடக்கை வாசிக்கவேண்டிய மூன்று ஸ்வரங்கள், கீழிருந்து மேலாக, ப, ஸ, த. பென்சில்காரரும் பதிப்பாசிரியர்களும் விரும்பியது ப, ஸ, ப. இரண்டாவதைப் பாடிப் பாருங்கள்: எவ்வளவு சாந்தமாக, வாசற்கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கிறது! முதலாவதைப் பாடினால், கீழே நிற்கும் பஞ்சமத்தின் தோளை உரசிக்கொண்டு மேலே தைவதம் நிற்கிறது. இறங்கி வா என்றாலும் வராமல், ஏறிப்போ என்றாலும் போகாமல், பதில் கிடைக்காத கேள்வியைப்போல் காற்றில் தொங்குகிறது. ஒரு பியானோ வித்துவானிடம், நண்பர் என்ற உரிமையில், இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டும்படி ஒரு முறை கேட்டேன். டி-யை வாசித்தபோது அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுவிட்டார். ஈ-பிளாட்டை வாசித்தபோது கைகள் சாவிகளின்மேலேயே இருந்தன. கேட்காமலேயே அடுத்த பாருக்குப் போய்விட்டார்.

இனி அந்த ஏழு பார்களின் முன்பகுதிக்குப் போவோம். மந்தகதியில், கனத்த நடையில், இரண்டு கைகளும் ஒரே ஸ்வரங்களை ஆக்டேவ் இடைவெளியில் வாசித்துக்கொண்டு, கீழ் ஸ்தாயியில் சி என்னும் ஸ்வரத்தில் தொடங்கி மேலே மேலே ஏறுகின்றன. துணை ஸ்வரங்கள் கிடையாது, தாளக்கட்டும் இல்லை, சபையில் கதை சொல்ல எழுந்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்க்கிற தோரணை. ஆனால் கேட்பவனுக்கு இங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஏறிப்போகிற அந்த ஸ்வரங்கள் ஜி மைனரைச் சேர்ந்தவையல்ல, ஏ-பிளாட் மேஜரைச் சேர்ந்தவை. ஏ-பிளாட் என்பது நம் கணக்கில் சுத்த ரிஷபம்; நடபைரவிக்கும் கீரவாணிக்கும் அது அந்நியம். மேல்நாட்டு சங்கீத சாஸ்திரத்தில் மைனர் கிருதிகளின் முடிவை நெருங்கும் சமயத்தில் சோகத்தைக் கனப்படுத்துவதற்காக இந்த ரிஷபத்தை ஆதாரமாகக்கொண்ட ஸ்வரக்கூட்டத்தைப் பிரயோகிப்பது நெடுநாள் வழக்கம். அதற்கு நியாபாலிடன் என்று ஊர்ப்பெயரும் சூட்டியிருக்கிறார்கள். முடிவில் வரவேண்டியதை முதல் வாக்கியமாக வைத்ததுதான் ஷோப்பானின் துணிச்சல். கேட்பவன் தான் ஒரு பெரிய, கம்பீரமான மேஜர் மாளிகையின் வாசலில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறான். ஆறு பார்களுக்குள் அந்த மாளிகை புகைபோல் கலைந்து, ஏழாவது பாரில் ப, ஸ, த என்ற அந்தக் கேள்வி மாத்திரம் எஞ்சுகிறது.

இதற்கு பாலேட் என்று ஏன் பெயரிட்டார்? அக்காலத்து ஐரோப்பாவில் பாலேட் என்றால் கதைப்பாட்டு: வீரனும் காதலியும், சாபமும் துரோகமும், கடைசியில் பெரும்பாலும் மரணமுமாக நடக்கும் நாட்டுக் கதைகளைச் செய்யுளில் சொல்வது. போலந்தில் ஆதாம் மிட்ஸ்கியேவிச் 1822-இல் வெளியிட்ட பாலேட் தொகுதியே அந்த நாட்டுக் கவிதையில் ஒரு புதிய யுகத்தைத் தொடங்கிவைத்ததென்று சொல்வார்கள். வாயால் சொல்லவேண்டிய ஒரு வடிவத்தின் பெயரை, சாஹித்யமே இல்லாத பியானோ கிருதிக்குச் சூட்டியவர்களில் முதல்வர் ஷோப்பான். பின்னால் லிஸ்ட் இரண்டும் பிராம்ஸ் நான்கும் எழுதினார்கள். பிராம்ஸ் தம்முடைய முதல் பாலேடின் தலையில் அது எட்வர்ட் என்ற ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டிலிருந்து பிறந்தது என்று ஒளிவுமறைவின்றிக் குறிப்பிட்டும் விட்டார். ஷோப்பான் தம்முடைய நான்கு பாலேடுகளில் ஒன்றுக்குக்கூட அப்படி ஒரு குறிப்பு வைக்கவில்லை. மிட்ஸ்கியேவிச்சின் சில கவிதைகள் தம்மைத் தூண்டியதாக ஷோப்பான் சொன்னார் என்று ஷூமான் 1841-இல் தம் பத்திரிகையில் எழுதிவைத்தாலும் வைத்தார், அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு கவிதையைத் தேடிக்கொண்டு வந்து ஒட்டிப் பார்க்கிறார்கள். முதலாவது பாலேடுக்கு வழக்கமாக ஒட்டப்படுவது 1828-இல் வந்த கான்ராட் வாலென்ராட் என்ற காவியம். ஒட்டுகிறதா என்றால், பசை போட்டால் எதுதான் ஒட்டாது!

பெயர் ஒட்டுவதில் லண்டன் பிரசுரகர்த்தரான வெஸ்ஸல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஷோப்பானின் நாக்டர்ன் ஒரு தொகுதிக்கு ஸேன் நதியின் முணுமுணுப்பு என்றும், ஒரு ஸ்கெர்ஸோவுக்கு நரகத்து விருந்து என்றும் அவரே நாமகரணம் செய்து விற்றார். இதைக் குறித்து ஷோப்பான் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பிரசுரகர்த்தரை மூடன் என்று ஏசியிருப்பது கொஞ்சமும் மிகையாகாது.

ஷூமானைப் பற்றி வேறொரு செய்தி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. 1836 செப்டம்பர் 12-ஆம் தேதி ஷோப்பான் லைப்ஸிக் வந்திருந்தார். ஷூமான், இதுவரை வந்த உங்கள் கிருதிகள் எல்லாவற்றிலும் எனக்கு இந்த பாலேட்தான் பிரியமானது என்று அவரிடம் சொன்னாராம். ஷோப்பான் உடனே பதில் சொல்லவில்லை. நெடுநேரம் யோசனையில் இருந்துவிட்டு, தமக்கும் அதுவே பிரியமானதென்றும், ஷூமான் அப்படிச் சொன்னது தமக்கு சந்தோஷமாக இருக்கிறதென்றும் அழுத்தமாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஷூமான் இதைத் தம் பழைய ஆசிரியருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த நெடுநேர மௌனத்துக்குக் காரணம் என்னவென்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. தம் சொந்தக் கிருதிகளைப் பற்றி வாய் திறப்பதையே கூச்சமாகக் கருதிய மனிதர் அவர்.

கிருதிக்குள் நுழைவோம். எட்டாவது பாரில் நடை மாறி, பாருக்கு ஆறு அடிகளாக, மெல்ல ஊஞ்சல் ஆடும் லயம் தொடங்குகிறது. ம, ப, நி, க, ரி, ஸ. முதல் ராக வாக்கியம் இவ்வளவுதான். மேலே எட்டிப் பிடித்த காந்தாரத்திலிருந்து ரிஷபத்தின் வழியாக ஷட்ஜத்தில் வந்து விழுகிறது. விழுந்ததும் இடக்கையில் இரண்டு மெல்லிய ஸ்வரக்கூட்டங்கள், தூரத்தில் வால்ட்ஸ் நடனம் ஒன்று நடப்பதை நினைவூட்டுவதுபோல. பிறகு மறுபடியும் ஏறி, மறுபடியும் விழுகிறது. இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். மேல்நாட்டு சங்கீதத்தில் ஒரு வாக்கியம் முடியும்போது செய்யும் அபிநயத்தையே ஷோப்பான் இங்கே தொடக்கமாக வைத்திருக்கிறார். ஒவ்வொரு வாக்கியமும் முடிவிலே ஆரம்பிக்கிறது; அதனால்தான், நடந்து முடிந்துபோன ஒன்றை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லுகிற குரல், “இப்படியாக...” என்று இழுத்துப் பேசுகிற குரல், இதில் கேட்கிறது.

அந்தக் குரல் சிறிது சிறிதாகப் பதற்றம் அடைகிறது. வேகம் கூடுகிறது, வலக்கை மேலும் கீழும் அலையடிக்கிறது, ஓர் இடத்தில் இடியே இறங்குகிறது. பின்னர் புயல் தானாகவே தணிந்து, இடக்கையில் வெறும் நாலைந்து ஸ்வரங்கள், காட்டுக்கு அப்பால் யாரோ கொம்பு ஊதுவதுபோல, ஒன்றையடுத்து ஒன்று தேய்ந்து ஒலிக்கின்றன. அறுபத்தெட்டாவது பாரில், காதில் ரகசியம் சொல்லும் தொனியில் வாசிக்கவேண்டும் என்ற குறிப்போடு, இரண்டாவது ராகப்பொருள் பிரவேசிக்கிறது. சோகத்தின் சாயல்கூட இல்லாத, ஆனால் சந்தோஷம் என்றும் துணிந்து சொல்ல முடியாத, கண்ணை மூடிக்கொண்டு யாரையோ நினைத்துக்கொள்வது போன்ற ஒரு மெட்டு. அது எந்த ஸ்தானத்தில் அமைந்திருக்கிறது? ஈ-பிளாட் மேஜரில்!

முன்பு ஏழாவது பாரில் இருப்புக்கொள்ளாமல் தொங்கிக்கொண்டிருந்த தைவதம், இங்கே தானே ஷட்ஜமாகி, தனக்கென்று ஒரு சங்கராபரணத்தைக் கட்டிக்கொண்டு குடியேறியிருக்கிறது. முன்னுரையில் நம்மை ஏமாற்றிய அந்த ஏ-பிளாட்டைக்கூட இங்கே தேடினால், அந்நியமாக இல்லாமல், இந்த வீட்டின் சுத்த மத்தியமமாக உரிமையோடு உட்கார்ந்திருக்கிறது. ஆக, வாசலில் கேட்ட இரண்டு புதிர்களும் இந்த வீட்டைச் சேர்ந்தவைதாம். ஷோப்பான் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்தாரா என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. மாமரத்தைக் கேட்டால் அதுவும் சொல்லாது.

ஸொனாட்டா என்ற வடிவத்தைப் பற்றி இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறேன். முதற்பொருள் சொந்த வீட்டிலும், இரண்டாம் பொருள் வேறு வீட்டிலும் தோன்றும். இரண்டும் மோதிக் கலங்கும். கடைசியில் முதற்பொருள் திரும்பி வரும், அதன் பின்னால் இரண்டாம் பொருளும் தன் பிறந்த வீட்டை விட்டுவிட்டு முதற்பொருளின் வீட்டுக்கே வாழ வந்துவிடும். சம்பிரதாயமான குடும்பக் கதை. இந்த பாலேடில் அதன் எலும்புக்கூடு இருக்கிறது, ஆனால் எல்லாம் தலைகீழ். தொண்ணூற்று நான்காவது பாரில் முதற்பொருள் ஏ மைனரில் வந்து, கீழே அசையாமல் ஒரே ஸ்வரம் மீண்டும் மீண்டும் ஒலிக்க, வாக்கியத்தை முடிக்க விடாமல் திணறுகிறது. அந்தத் திணறல் உச்சத்தில் வெடித்து, 106-ஆவது பாரில் இரண்டாம் பொருள், முன்பு ரகசியமாகச் சொன்ன அதே மெட்டு, ஏ மேஜரில் முழு பலத்தோடும் ஸ்வரக்கூட்டங்கள் குவியக் குவிய முழங்குகிறது. கூச்ச சுபாவமுள்ள ஒருத்தி சபை நடுவே எழுந்து நின்று பேசினால் எப்படியிருக்கும், அப்படி. அதன் பிறகு பளிங்குத் தரையில் முத்துக்கள் சிதறியதுபோல் ஒரு துள்ளல் நடனம். இதை நான் அதிகம் ரசிப்பதில்லை, வித்துவான்களின் விரல்களுக்குத் தீனி என்றே எண்ணுகிறேன். அதன் முடிவில், 166-ஆவது பாரில், மீண்டும் ஈ-பிளாட் மேஜரில், மீண்டும் அதே இரண்டாம் பொருள், இம்முறை பிரவாகமாக.

அதாவது, திரும்பி வருகையில் இரண்டாவது முந்திக்கொண்டுவிட்டது. அதுவும் தன் வீட்டுக்கே போயிருக்கிறது, ஜி-க்கு வரவில்லை. கிருதி முழுவதிலும் அந்த மெட்டு ஒருமுறைகூட ஜி-யில் வாசிக்கப்படுவதில்லை. சமரசம் என்பது இந்தக் கதையில் கிடையாது.

அதனால்தான் முதற்பொருள் கடைசியாக 194-ஆவது பாரில் ஜி மைனரில் தலைகாட்டும்போது நெஞ்சு துணுக்குறுகிறது. இத்தனை ஒளிக்கும் பிறகு அதே ம, ப, நி, க, ரி, ஸ. கீழே பஞ்சமம் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. நடந்ததொன்றும் நடந்ததை மாற்றவில்லை என்கிறது. முதல் முறை முழுதாகச் சொன்ன வாக்கியங்களை இப்போது சொல்லி முடிக்கப் பொழுதில்லை. முடிந்த மட்டும் பலமாக என்று ஷோப்பான் இங்கே எழுதிவைத்திருக்கிறார். பொதுவாக பலத்தை வெறுத்தவரும், பெரிய மண்டபங்களைவிடச் சிறு கூடங்களிலேயே பாந்தமாக வாசித்தவருமான ஒருவர் அப்படி எழுதினால் அதற்கு அர்த்தம் உண்டு.

பிறகு, 208-ஆவது பாரில், ஆறு அடி ஊஞ்சல் அறுந்து விழ, இரண்டிரண்டாக எண்ணும் அதிவேக நடையில் நெருப்பு பற்றுகிறது. கதை சொல்லிவந்த குரலே காணாமல் போய்விட்டது. இங்கே வெறும் சம்பவந்தான். இந்தப் பகுதியை வாசிப்பவரின் வலத்தோளுக்குப் பின்னால் நின்று ஒரு தரம் பார்த்திருக்கிறேன். இடக்கை ஒவ்வொரு அடிக்கும் கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே தாவி, பார்க்காமலேயே சாவியைப் பிடித்து, மறுபடி கீழே பாய்கிறது. வலக்கையோ ஒரு நிமிஷமும் ஒரே வடிவத்தில் விரிந்திருப்பதில்லை. மேலே வழுக்கிக்கொண்டு போகும் நீண்ட ஸ்வர வரிசைகளுக்கு நடுவில், திடீரென்று எல்லாம் நின்று, மெதுவாக இரண்டு ஸ்வரக்கூட்டங்கள் ஒலிக்கின்றன. கடைசியில் இரு கைகளும் ஆக்டேவ்களாக எதிரெதிர்த் திசையில் கிளம்பிப் பாய்ந்து, ஜி-யில் விழுந்து முடிகின்றன. 264 பார்கள், கடிகாரத்தில் ஒன்பது அல்லது பத்து நிமிஷம்.

கார்டியன் பத்திரிகையின் ஆசிரியராயிருந்த ஆலன் ரஸ்பிரிட்ஜர், தினமும் காலையில் இருபது நிமிஷம் ஒதுக்கி, இதை ஒரே வருஷத்தில் கற்றுவிடுவதாக ஐம்பது வயதுக்குமேல் சங்கல்பம் செய்துகொண்டு, அந்த வருஷத்தில் விக்கிலீக்ஸ் விவகாரமும் தலைமேல் வந்து விழ, பட்ட பாட்டையெல்லாம் 2013-இல் ஒரு புத்தகமாக எழுதினார். பன்னிரண்டு வருஷம் மேடைக்கே வராமலிருந்த ஹொரொவிட்ஸ், 1965 மே 9-ஆம் தேதி நியூயார்க் கார்னகி மண்டபத்தில் திரும்பவும் தோன்றியபோது வாசித்தவற்றில் இதுவும் ஒன்று.

ஆனால் இன்றைக்குப் பொதுஜனங்களில் அநேகருக்கு இது அறிமுகமாவது 2002-இல் வந்த ரோமன் போலன்ஸ்கியின் பியானிஸ்ட் படத்தின் மூலமாகத்தான். இடிந்த வார்ஸாவின் வெறும் வீட்டில், பட்டினியால் உலர்ந்துபோன ஷ்பில்மானிடம் ஜெர்மன் அதிகாரி ஒருவர் வாசித்துக் காட்டச் சொல்ல, அவர் குளிரில் விறைத்த விரல்களால் இந்த பாலேடை வாசிக்கிறார். 1944-ஆம் வருஷத்தில் உண்மையில் அவர் வாசித்தது இதையல்ல, ஷோப்பானின் சி-ஷார்ப் மைனர் நாக்டர்னை. தம் நினைவுக் குறிப்புகளில் அவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார். டைரக்டர் மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம், காட்சியின் நீளத்துக்காகக் கத்தரித்தபோது அந்த இரண்டாவது மெட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, முன்னுரையிலிருந்தும் முதற்பொருளிலிருந்தும் நேரே நெருப்புக்குப் போய்விட்டார்கள் என்பதில்தான். ஈ-பிளாட் வீட்டுக்குள் ஷ்பில்மான் நுழையவே இல்லை. ஏழாவது பாரில் மாத்திரம், தியேட்டரின் இருட்டில், அந்தத் தைவதம் பஞ்சமத்தின்மேல் நின்றது. எனக்கு முன்வரிசையில் யாரோ கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர், பிரிப்பதை நிறுத்தினார்.

(அடுத்த இதழில்: ஷூமானின் கார்னிவல்)